சக்கரத்தின் மேல் ஒரு சமையலறை

"நாலு நாள் சமையலறையை மறந்து ஊர் சுற்றலாம், வா" என்று சொல்லித்தான் இவர் என்னை அழைத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால், சமையலறையும் எங்களோடு கூடவே சக்கரம் கட்டிக்கொண்டு வந்தது!

அமெரிக்காவில் இந்த வண்டிக்குக் காம்ப்பர் என்று பெயர். உள்ளே ஒரு கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சின்னக் குளிர்பெட்டி. அலமாரியைத் தாழிட மறந்தால், முதல் வளைவிலேயே தட்டுகள் காலடியில் வந்து விழும். வண்டியின் முதுகில் இரண்டு சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு, யூட்டா மாநிலத்தின் ஸால்ட் லேக் நகரத்திலிருந்து ஏறக்குறைய 375 கிலோமீட்டர் ஓட்டி, மோஆப் என்ற ஊரை அடைந்தோம். 1950களில் யுரேனியம் தேடி ஜனங்கள் குவிந்த ஊர் அது. இப்போது மலைச் சைக்கிள் ஓட்டக் குவிகிறார்கள்.

பக்கத்திலுள்ள தேசியப் பூங்காக்களில் நடைபாதைகளில் சைக்கிள் விட அனுமதி இல்லை. ஆகவே, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். அங்கே சைக்கிளுக்கென்றே சுமார் 17 மைல் நீளத்துக்கு ஒற்றையடிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள்.

"செத்த குதிரை முனையா? நல்ல சகுனம்தான்!" என்றேன். இவர் சிரித்தார்.

"தண்ணீர்த் தொட்டியை இங்கேயே நிரப்பிக்கொள்வோமே?" என்றும் கேட்டேன்.

"பூங்காவிலே குழாய் இல்லாமலா போகும்?" என்றார்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் மோஆபிலிருந்து லாரியில்தான் வருகிறது என்று. வண்டித் தொட்டியை அங்கே நிரப்ப முடியாது. எங்கள் தொட்டியிலோ கால் பங்குதான் இருந்தது. சென்னையில் லாரித் தண்ணீருக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தவள் நான். ஒன்றும் பேசாமல் இவரைப் பார்த்தேன். அந்தப் பார்வை போதுமே!

குதிரைக் கதையை அங்கேதான் கேட்டோம். 19ஆம் நூற்றாண்டில் மாடு மேய்ப்பவர்கள் காட்டுக் குதிரைகளை அந்த முனைக்கு விரட்டி வருவார்களாம். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. நுழைகிற கழுத்து சுமார் 30 கஜ அகலம்தான். அதைக் கிளைகளால் அடைத்துவிட்டு, வேண்டிய குதிரைகளைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தடவை மிச்சக் குதிரைகளை அப்படியே விட்டுப் போய்விட்டார்களாம். 2,000 அடி கீழே கொலராடோ நதி ஓடுவதைப் பார்த்தபடியே அவை தாகத்தால் மடிந்தன என்கிறது கதை.

மறுநாள் காலை ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரோடு சைக்கிளில் ஏறினோம். இது பால்காரர் சைக்கிள் அல்ல. டயர் பருமன், முன் சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் சுருள், மேட்டில் மிதிக்க லேசான கியர்கள். இறக்கத்தில் ஆசனத்திலிருந்து எழுந்து, இரண்டு மிதிகளையும் சமமாக வைத்துக்கொண்டு, பின்னால் சாய வேண்டும். பயந்து பாதையை விட்டு இறங்கவும் கூடாது. பாதையோரத்தில் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும் மண், நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டிய உயிருள்ள ஏடு. மண் காற்றில் பறந்துவிடாமல் காப்பது அதுதான். ஓர் அடி வைத்தால், பழையபடி ஆகப் பல ஆண்டுகள் பிடிக்குமாம். கோலத்தை மிதிக்காமல் நடந்து பழகிய கால் எனக்கு, சமாளித்துக்கொண்டேன்.

பாதி வழியில் பளிச்சென்று நீல நிறத்தில் நீர்நிலைகள் தெரிந்தன. "அதோ தண்ணீர்!" என்றேன். உரத்துக்கான பொட்டாஷ் உப்பைக் காய்ச்சும் பாத்திகளாம் அவை! வெயிலில் சீக்கிரம் வற்றட்டும் என்று நீலச் சாயம் கலக்கிறார்கள்.

என் பாட்டிலில் பாதி தீர்ந்தது. "திரும்பலாம்" என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு வளைவு" என்றார் இவர். மூன்றாவது முறையாக!

"உங்கள் பாட்டிலைக் காட்டுங்கள்."

தயங்கித் தயங்கி நீட்டினார். காலி! எப்போதோ தீர்ந்திருக்கிறது. சொன்னால் நான் திரும்பிவிடுவேனென்று சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வெயில் கூடத் தோற்றது. ஆனால் அவர் உதடு வெடித்திருப்பதைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. கீழே நதி நெளிந்து ஓடியது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"திரும்பலாம்" என்றார் அவரே.

என் பாட்டிலை ஆளுக்கு ஒரு வாயாகக் குடித்துக்கொண்டே வண்டிக்கு வந்து சேர்ந்தோம். அன்றிரவு உப்புமா கிளறினேன். இரண்டு தட்டுகளையும் ஒரே டம்ளர் தண்ணீரில் இவர் கழுவினார். வெளியே வந்தால், வானம் முழுக்க நட்சத்திரம்! விளக்கொளி மாசில்லாத இருண்ட வானத்துக்காக 2016ல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற இடமாயிற்றே!

விடிந்ததும் வண்டி ஓடும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். கட்டிலோடு என்னையும் ஏற்றிக்கொண்டு மோஆபுக்குப் போய்க்கொண்டிருந்தார் இவர், தொட்டியை நிரப்ப.

ஊர் திரும்பிய பிறகு ஒரு மாறுதல். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் முதலில் எழுந்து போகிறவர் இப்போது நான் அல்ல!