கரண்ட் போனாத்தான் தெரியும் சம்ப்போட லட்சணம்

சம்ப்னு சொன்னதும் வீட்டு வாசல்ல மூடி போட்டு வச்சிருக்கிற தண்ணித் தொட்டி ஞாபகம் வருதா? இது வேற. மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் குழாய் வழியா இதுக்குள்ள இறங்கும். பஞ்சு, பயோ மீடியா எல்லாம் தாண்டி கடைசி அறைக்கு வரும். அங்கிருந்து மோட்டார் அதை மறுபடி மேலே ஏத்தும்.

இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனா கணக்கு தப்பினா, ராத்திரி கரண்ட் போற நேரத்துல ஹால் முழுக்க தண்ணீர். பக்கத்துலயே பிளக் பாயின்ட் வேற இருக்கும்!

முதல்ல கணக்கு

மோட்டார் நின்னதும், மேல் தொட்டியில் வழியும் விளிம்புக்கு மேலே நிற்கிற தண்ணீர் மொத்தமும் கீழே வந்துடும். 90 × 45 செ.மீ. தொட்டியில் மட்டம் 3 செ.மீ. இறங்கினா சுமார் 12 லிட்டர். அது 60 × 30 செ.மீ. சம்ப்பில் விழுந்தா, மட்டம் கிட்டத்தட்ட 7 செ.மீ. ஏறும். அதனால சம்ப்பின் உயரம் 35 செ.மீ. என்றால், மோட்டார் ஓடும்போது மட்டம் 23 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. கரண்ட் போனா 30-க்கு வரும். மேலே 5 செ.மீ. மிச்சம்.

30 செ.மீ. தண்ணீர் அடிவிளிம்பில் தரும் அழுத்தம் சுமார் 2.9 கிலோ பாஸ்கல். கேட்க சின்னதாத்தான் இருக்கும். ஆனா 60 செ.மீ. நீளப் பலகை மேல மொத்த விசை சுமார் 265 நியூட்டன். ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் அதிகம், ராப்பகலா சாய்ஞ்சுகிட்டே இருக்கு. 6 மி.மீ. கண்ணாடி எடுத்துக்கோங்க.

அடிப்பலகை 60 × 30. அதுமேல நிற்கிற முன், பின் பலகைகள் 60 × 35. பக்கப் பலகைகள் இந்த ரெண்டுக்கும் நடுவுல உட்காரும். அதனால அகலம் 30 இல்லை; ரெண்டு கண்ணாடித் தடிமன் 1.2, ரெண்டு சிலிக்கான் இடைவெளி 0.2 கழிச்சு 28.6 செ.மீ. நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான்.

வெட்டுறது இல்லை, உடைக்கிறது

கண்ணாடி கட்டர் கண்ணாடியை அறுக்கிறதில்லை. மேல்பரப்புல ஒரு மெல்லிய விரிசலைக் கீறுது, அவ்வளவுதான். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையில் சட்டுனு உடையும். விரிசல் முனையில் தகைவு குவியறதுதான் காரணம். 1921-ல் கிரிஃபித் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விளக்குது.

கட்டர் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைச்சு, ஸ்கேலை ஒட்டி, ஒரே அழுத்தத்துல, ஒரே இழுப்புல கீறுங்க. சீரான 'ஸ்ர்ர்ர்' சத்தம் வரணும். அதே கோட்டுல இரண்டாவது தடவை கீறாதீங்க. விளிம்பு சிதறும், சக்கரமும் போயிடும். கீறல் மேலே இருக்க, அதுக்கு நேர் கீழே ஒரு மெல்லிய குச்சியை வச்சு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அமுக்குங்க. மேல்பரப்புல இழுவிசை வந்து, விரிசல் கோட்டோட ஓடிடும். கையுறை, கண்ணாடிக் கவசம் கட்டாயம். விளிம்பை நனைச்ச எமரி பேப்பரால் தேய்ச்சுடுங்க.

டஃபன்ட் கண்ணாடியை வெட்டப் பார்க்காதீங்க. மொத்தமும் துண்டு துண்டா நொறுங்கிடும்.

ஒட்டுறது

டியூப்பைத் திறந்ததும் வினிகர் வாடை வருதா? அது அசிட்டாக்ஸி வகை சிலிக்கான். காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்து இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகுது. மீன் தொட்டிக்கு ஏற்றதுனு டியூப்பில் போட்டிருக்கானு பாருங்க. பாத்ரூமுக்குனு விக்கிற, பூஞ்சைக் கொல்லி கலந்தது வேண்டவே வேண்டாம், மீனுக்கு விஷம்.

விளிம்புகளை அசிட்டோனால் துடைச்ச பிறகு விரல் படக் கூடாது. பலகைகளை நிறுத்தும்போது சிலிக்கான் மொத்தமும் பிதுங்கி வர்ற மாதிரி அழுத்தாதீங்க. நடுவுல 1 மி.மீ. நிற்கணும். தொட்டியைத் தாங்குறது அதுதான். உள்மூலையில் போடுற வரி கூடுதல் பாதுகாப்பு மட்டும். அந்த வரியையும் உடனே ஒரே இழுப்புல வழிச்சுடுங்க, மேல்தோல் சில நிமிஷத்துல இறுகிடும். இறுகிய சிலிக்கான் மேல புதுசு சரியா ஒட்டாது. கசிஞ்சா பழசைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் மறுபடி போடணும்.

வெளியிலிருந்து உள்ளே மெதுவா இறுகுறதால, ஒரு வாரம் அப்படியே விடுங்க. தடுப்புப் பலகைகளையும் அதுக்கு முன்னாடியே ஒட்டிடுங்க.

கடைசிப் பரிசோதனை

சம்ப்பை தெர்மோகோல் ஷீட் மேல வச்சு, சுத்தி செய்தித்தாள் விரிச்சு, 30 செ.மீ. வரைக்கும் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விடுங்க. காகிதம் நனைஞ்ச இடத்துக்கு மேலே கசிவைத் தேடலாம்.

ஸ்டாண்டுக்குள்ள வச்ச பிறகு, மேலே போற குழாயின் வாய் தண்ணிக்குள்ள முங்கியிருந்தா, தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடுங்க. மோட்டார் நின்னதும் தண்ணீர் அதே வழியில திரும்பி உறிஞ்சப்படும்; மட்டம் இறங்கினதும் ஓட்டை வழியா காற்று புகுந்து அதை நிறுத்திடும். பாசி அடைக்காம அப்பப்போ பார்த்துக்கோங்க.

இப்போ மோட்டாரை ஓட விட்டு, நீங்களே சுவிட்சை அணைங்க. தண்ணீர் எந்த உயரத்துல வந்து நிற்குதுனு பாருங்க. 30-ஐத் தாண்டினா கொஞ்சம் எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க. சரியா வந்ததும், மோட்டார் ஓடும்போது கடைசி அறையில் இருக்கிற மட்டத்துல மார்க்கரால் ஒரு கோடு போடுங்க. இனி தண்ணீர் ஊத்துறது அந்தக் கோடு வரைக்கும்தான். வீட்டுல யார் ஊத்தினாலும் சரி.