எந்தக் கமராவை வாங்குவது?



கடல் கடந்து வாழும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். "சேர், பள்ளிக்கூடத்துக்கு நல்ல கமரா ஒண்டு வாங்கித் தரலாம் எண்டு இருக்கிறன். என்ன கமரா வேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். கேள்வி சிறியது. ஆயினும் அதற்கு விடை காண எனக்கு மூன்று கிழமை பிடித்தது. நானோ கலைப் பட்டதாரி. வரலாறு கற்பித்தே தலை நரைத்தவன். வில்லை, விம்பம், துவாரம் என்பனவெல்லாம் எனது துறைக்குப் புறம்பானவை. ஆகவே எங்கள் விஞ்ஞான ஆசிரியையைக் கேட்டேன். நகரில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் நண்பரைக் கேட்டேன். பாடசாலை ஊடகக் கழகத்து மாணவரையும் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். அவ்வாறு கேட்டும் கற்றும் நான் தெளிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு கமராவுக்காக இத்துணை ஆலோசனை எதற்கு என நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். வன்னிப் பெருநிலத்தார் அவ்வாறு எண்ணமாட்டார்கள். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த குடும்பங்கள், தங்கிய ஒவ்வோரிடத்திலும் சுமையில் ஒரு பங்கைக் கைவிட்டே நடந்தன. தளபாடங்கள் முதலிற் போயின. பின்னர் தையல் மெசின், பாத்திரங்கள். ஈற்றில் ஒளிப்பட அல்பங்கள். எங்கள் பாடசாலையின் வகுப்புப் படங்களிலும் பரிசளிப்பு விழாப் படங்களிலும் ஒன்றேனும் எஞ்சவில்லை. எனக்கு முன்னர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர்களின் முகங்களை இன்றைய மாணவருக்குக் காட்ட வழியில்லை. சென்ற ஆண்டு மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். மகனுடைய தேசிய அடையாள அட்டையொன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். "ஐயா, இவன் உங்கட பள்ளிக்கூடத்தில படிச்சவன். இதைவிட வேற படம் ஏதும் இருக்கே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. அந்த 'இல்லை'யை இனி வருகின்ற அதிபர் எவரும் சொல்லலாகாது என்பதற்காகவே எங்களுக்கு ஒரு கமரா வேண்டும்.

இனி விடயத்துக்கு வருவோம். தொலைபேசியிலேயே கமரா இருக்கிறதே என்பீர்கள். நண்பகல் வெளிச்சத்தில், அருகில் நிற்பவரைப் படமெடுக்க அது தாராளமாகப் போதும். தூரமும் இருளும் வரும்போதுதான் அது தடுமாறுகிறது. அதற்கு மேலே செல்ல விரும்புவோருக்கு, அளவான செலவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கமரா, மற்றையது பிறிட்ஜ் கமரா.

டி.எஸ்.எல்.ஆர். கமராவில் வில்லையைக் கழற்றி மாற்றலாம். வில்லை வழியே புகும் ஒளி உள்ளேயுள்ள ஒரு கண்ணாடியிற் பட்டு மேல்நோக்கித் திரும்பி எமது கண்ணை வந்தடைகிறது. பொத்தானை அழுத்தியதும் அக்கண்ணாடி 'டக்' என்று மேலெழ, ஒளி பின்னாலுள்ள உணரியில் விழுந்து படமாகிறது. முற்காலத்துப் பிலிமின் இடத்தில் இப்போது இருப்பது இவ்வுணரிதான். பிறிட்ஜ் கமராவும் பார்வைக்கு இதே தோற்றமுடையது. ஆனால் அதன் வில்லை உடலோடு பிணைந்தது. கண்ணாடியும் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கும் துளையினுள்ளே ஒரு சிறு மின் திரை இருக்கும். சட்டைப்பைக் கமராவுக்கும் டி.எஸ்.எல்.ஆருக்கும் இடையே பாலம்போல் நிற்பதால் அதற்கு அப்பெயர் வந்தது.

இவ்விரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு வெளியே தெரிவதன்று. அது உணரியின் பருமன். கனன் 1500டி என்னும் டி.எஸ்.எல்.ஆரின் உணரி 22.3 மில்லிமீற்றர் நீளமும் 14.9 மில்லிமீற்றர் அகலமும் உடையது. பிறிட்ஜ் வகையிற் பெயர்பெற்ற நிக்கோன் பி900 கமராவின் உணரியோ ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் அகலமுமே கொண்டது. பெருக்கிப் பாருங்கள்: ஒன்று 332 சதுர மில்லிமீற்றர், மற்றையது 28. ஏறக்குறையப் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு! மாரி மழைக்கு முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு செம்பையும் வைத்தால் எதில் நீர் கூடுதலாகச் சேரும்? ஒளியும் அவ்வாறே. பெருமழையில் செம்பும் விரைந்து நிரம்பிவிடும். தூறலிலேதான் அண்டாவின் அருமை தெரியும். பட்டப்பகலில் இரு கமராக்களின் படங்களையும் அருகருகே வைத்தால் நம்மிற் பலர் வேறுபாடு காணமாட்டோம். மாலை மங்கியதும் சிறிய உணரியின் படத்தில் மணலைத் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும்.

அவ்வாறாயின் சிறிய உணரியை ஏன் வைத்தார்கள்? அங்கேதான் பிறிட்ஜ் கமராவின் பலம் இருக்கிறது. உணரி சிறிதாக இருந்தால், சிறிய வில்லையே வெகு தூரத்தை இழுத்து வந்துவிடும். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த பி900, பழைய பிலிம் கமராக் கணக்கில் 24 மில்லிமீற்றர் தொடக்கம் 2000 மில்லிமீற்றர் வரை செல்லக்கூடியது. அதாவது 83 மடங்கு. 2018இல் வந்த பி1000, 3000 மில்லிமீற்றர் வரை சென்றது. டி.எஸ்.எல்.ஆரில் சாதாரணமாக வாங்கக்கூடிய 55–250 வில்லையோ அதே கணக்கில் 400 மில்லிமீற்றருடன் நின்றுவிடும்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியை இதனை நன்கு உணர்ந்தவர். இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் நிற்கிறீர்கள். 200 மீற்றர் தூரத்தில் ஒரு கூழைக்கடா மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மில்லிமீற்றர் வில்லையில் அவ்விடத்தில் 18 மீற்றர் அகலமான நீர்ப்பரப்பு படத்துக்குள் வரும். பறவை ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிடும். 2000 மில்லிமீற்றரிலோ 3.6 மீற்றர் அகலமே வரும். அலகின் கீழ்த் தொங்கும் பை கூடத் தெரியும். 1938இல் சரணாலயமாக்கப்பட்டு 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த சுண்டிக்குளத்திலும், 1951 முதல் சரணாலயமாக உள்ள கொக்கிளாய்க் கடல்நீரேரியிலும் பூநாரைகளைப் பார்க்கச் செல்வோருக்கு டி.எஸ்.எல்.ஆர். வாங்கும்படி நான் சொல்லமாட்டேன். அவ்வளவு தூரத்தை எட்டும் வில்லையின் விலையைக் கேட்டால் அவர்கள் பறவையையே மறந்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பங்குனி, சித்திரை மாதங்களில் முற்பகல் ஒன்பது மணி தாண்டியதும் வன்னி நிலத்தில் கானல் எழுகிறது. சூடான காற்றின் ஊடாக 200 மீற்றர் பார்க்கும்போது பறவை நீருக்குள் இருப்பதுபோல் நெளியும். எந்த வில்லையாலும் அதனைச் சீராக்க இயலாது. விடியற் பொழுதிலேயே போகவேண்டும். கமராவுக்கு ஒரு முக்காலியும் வேண்டும்.

மறுபுறம் இருளை நோக்குவோம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கல் இரவிலே நிகழ்வது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் இரவுக்கே உரியது. எங்கள் பிரதான மண்டபத்தில் நான்கு குழல்விளக்குகள். அவற்றுள்ளும் ஒன்று எப்போதும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இத்தகைய இடங்களிற் பிறிட்ஜ் கமராவை முழுத்தூரம் இழுத்தால் அதன் துவாரம் எஃப் 6.5 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆடும் பிள்ளையின் கை ஒரு புகைக்கோடாக மாறும். டி.எஸ்.எல்.ஆரிலோ எஃப் 1.8 துவாரமுள்ள 50 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தலாம். வில்லைகளில் மிக மலிவானவற்றுள் அதுவும் ஒன்று. எஃப் 5.6 உடன் ஒப்பிட்டால் அது உள்ளே விடும் ஒளி ஏறத்தாழப் பத்து மடங்கு. மண்டப விளக்கில் பிள்ளையின் கண்ணும் பொட்டும் துலக்கமாக விழும்.

இங்கே ஓர் உண்மையைக் கூறவேண்டும். கடைக்காரர் இதனைச் சொல்வதில்லை. டி.எஸ்.எல்.ஆருடன் பெட்டியில் வரும் 18–55 வில்லை, நீட்டிய நிலையில் எஃப் 5.6 தான். அதனை மட்டுமே வைத்துக்கொண்டு காலம் தள்ளுவோர் பெரிய உணரியின் பயனிற் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்கள். தூரமும் எட்டாது, இருளும் வசப்படாது. இரண்டாவது வில்லைக்குப் பணம் வைக்காது டி.எஸ்.எல்.ஆர். வாங்குவது, கலப்பையை வாங்கி எருதை வாங்காமல் விடுவதற்கு ஒப்பாகும். அத்தகையோர் பிறிட்ஜ் கமராவையே வாங்கட்டும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

எனது சொந்த அனுபவமும் ஒன்றுண்டு. முன்னர் கடமையாற்றிய பாடசாலையொன்றில் இரு வில்லைகளுடன் ஒரு டி.எஸ்.எல்.ஆர். நன்கொடையாகக் கிடைத்தது. பழுதாகிவிடுமே என்ற அச்சத்தால் அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை நானே வைத்திருந்தேன். இரண்டு மாரி கழிந்து திறந்து பார்த்தபோது, பெரிய வில்லையின் உட்புறத்திற் சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வில்லைக்கு வேண்டியது உலர்ந்த காற்றும் இடையறாத பாவனையும். காற்றுப் புகாத ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதுமாயிருந்தன. பிள்ளைகள் கைபட்டு உடைந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு வருத்தம் வந்திராது. கோடைப் புழுதி இன்னொரு பகை. விளையாட்டு மைதானத்தில் நின்று வில்லையை மாற்றினால் செம்மண் தூள் உணரியில் ஒட்டிக்கொள்ளும். பிறிட்ஜ் கமராவைத் திறப்பதில்லையாதலால் அந்த இடர் குறைவு. ஆனால் நீட்டிச் சுருக்கும் வில்லையின் வழியாகத் தூசு உள்ளே சென்றுவிட்டால், அதனை முழுவதும் பிரித்தே துடைக்கவேண்டும்.

விலையைப் பற்றி ஒன்று. 2022ஆம் ஆண்டில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவிலிருந்த நாணய மாற்று, சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்குச் சென்றதை நாம் மறக்கவில்லை. புதிய கமரா அதன் பின்னர் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாப் பொருளாயிற்று. ஆனால் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. கனன், நிக்கோன் ஆகிய நிறுவனங்கள் கண்ணாடியற்ற புதிய வகைக் கமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. நிக்கோன் தனது தொடக்கநிலை டி3500 கமராவை 2022இல் நிறுத்தியது. பலர் புதியதற்கு மாறுவதாற் பாவித்த டி.எஸ்.எல்.ஆர்கள் சந்தையில் மலிந்துள்ளன. வழக்கொழியும் பொருளை வாங்கலாமா என்று கேட்பீர்கள். படம் எடுக்கும் தகுதி அதனிடம் குறையவில்லை. கனன் வில்லைகளை ஓர் இணைப்பியின் உதவியுடன் அந்நிறுவனத்தின் புதிய கமராக்களிலும் பொருத்தலாம். வாங்குமுன் ரோச் வெளிச்சத்தை வில்லையினூடாகப் பாய்ச்சிப் பூஞ்சணம் உண்டா எனப் பாருங்கள். இதுவரை எத்தனை படம் எடுக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். தொடக்கநிலைக் கமராவின் மூடுபொறி ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவைக்கு மேல் உழைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பற்றரியையும் நோக்கவேண்டும். 1500டி ஒரு தடவை மின்னேற்றினால் 500 படங்கள் அளவுக்கு உழைக்கும். பி900 அளவீட்டின்படி 360. பி1000 அதனிலும் குறைவாக 250. இல்ல விளையாட்டுப் போட்டி காலை தொடங்கி மாலை வரை நடப்பது என்பதை நினைவிற்கொள்க.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, பழைய மாணவருக்கு மறுமொழி சொன்னேன். பாவித்த டி.எஸ்.எல்.ஆர். ஒன்று, பெட்டியோடு வரும் 18–55 வில்லை, அதனோடு 50 மில்லிமீற்றர் வில்லை. மிகுதிப் பணத்துக்கு ஒரு காற்றுப் புகாப் பெட்டியும் இரண்டு வன்தட்டுகளும். ஒரு வன்தட்டு பாடசாலையில். மற்றையது மேட்டு நிலத்திலுள்ள வேறோர் இடத்தில். 2018ஆம் ஆண்டு மார்கழியிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியதை நாங்கள் கண்டவர்கள். ஒவ்வொரு வகுப்பின் படத்தையும் ஆண்டுதோறும் கடதாசியில் அச்சிட்டு நூலகத்தில் வைப்பது என்றும் தீர்மானித்தோம். நாங்கள் காக்க விரும்புவது முகங்களை. முகங்கள் கிட்டத்தில், மண்டபத்து மங்கல் ஒளியில், வகுப்பறையின் நிழலில் இருக்கின்றன. ஆகவேதான் இத்தெரிவு.

கமரா வந்த கிழமையே அந்த மூதாட்டியை அழைத்தோம். அடையாள அட்டையை ஜன்னலருகே மேசையில் வைத்து, மேலே கறுப்புத் துணி பிடித்துப் பளபளப்பை மறைத்து, உயர்தர மாணவி ஒருத்தி படமெடுத்தாள். எல்லோரும் இகழும் அந்த 18–55 வில்லையே இதற்கு உகந்ததாயிற்று. 55இல் வைத்தால் கால் மீற்றர் தூரத்திலேயே துலக்கம் பிடிக்கிறது. பிறிட்ஜ் கமராவும் இதனைச் செய்யும். ஆனால் மிக அருகே கொண்டு சென்றால் அதன் நிழலே படத்தில் விழும். அட்டையில் இல்லாத எதனையும் எந்தக் கமராவும் தந்துவிடாது. பெரிதாக்கியபோது படம் சற்றே மங்கலாகத்தான் இருந்தது. மூதாட்டி அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "காதுக்குப் பக்கத்தில மறு இருக்கு, தெரியுது" என்றார்.

விஞ்ஞான ஆசிரியைக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. இரணைமடுவிற் கூழைக்கடாக்கள் வந்திறங்கியிருப்பதாக நாள்தோறும் காலையில் எனது அறைக்கு வந்து அறிவித்துவிட்டுப் போகிறார்.