கறுப்பு வெள்ளைப் படமும் கலர் யந்திரமும்

பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், பாட்டனார் பாட்டியாரின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதுவும் ஊரில், மூத்தவர் வீட்டுக் கூடத்தில் தொங்கும். மற்றவர்களுக்குப் பிரதி வேண்டுமென்றால் இன்று அது கடினமன்று. ஊரிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பினால், நம் வீட்டிலுள்ள இங்க்ஜெட் யந்திரமே அச்சிட்டுத் தந்துவிடும். ஆனால் வெளிவரும் படத்தைக் கண்டதும் மனம் துணுக்குறுகிறது. பாட்டியாரின் கன்னத்தில் பச்சை பூத்திருக்கிறது. அல்லது ஊதாச் சாயல் படிந்திருக்கிறது. யந்திரம் பழுதுபட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தன் இயல்புப்படியே நடந்திருக்கிறது.

காரணம் யாதெனில், பழைய படத்தின் கருமை நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. அந்த ஒரே பொருள் அடர்ந்த இடம் இருளாகவும், அருகிய இடம் ஒளியாகவும் தோன்றும். கலர் யந்திரமோ சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் சயான் என்னும் நீலம், மெஜந்தா என்னும் செவ்வூதா, மஞ்சள் ஆகிய மூன்று மைகளைக் கலந்தே உண்டாக்குகிறது. எழுத்து அச்சிடுவதற்கான கறுப்பு மை, பல வீட்டு யந்திரங்களில் பளபளப்பான போட்டோக் காகிதத்துக்குப் பயன்படுவதே இல்லை. மூன்றில் ஒன்று இம்மியளவு மிகுந்தாலும் சாயல் தோன்றிவிடும். சிவப்புச் சேலையில் அந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. சாம்பல் நிறத்திலோ உடனே புலப்படும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. மூலப் படத்தை 600 டிபிஐ அளவில் கலரிலேயே ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துக. அதன் நகலொன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், மூலத்தில் ஏறிய பழுப்பு நீங்கும். அச்சிடுகையில், யந்திரத்தில் வைத்திருக்கும் காகிதத்தின் வகையையே கணினியிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். அது மாறினால் மையின் அளவும் மாறிவிடும். பிறகு ‘கிரேஸ்கேல்’ முறையில் ஒரு சிறு படம் அச்சிட்டுப் பார்க்கலாம். சில யந்திரங்கள் அப்போது கறுப்பு மையை மட்டுமே தெளிக்கும். சாயல் இராது, ஆனால் முகத்தின் வெளிச்சமான பகுதிகளில் புள்ளிகள் தெரியக்கூடும்.

அதிலும் திருப்தி ஏற்படாவிடில், கலர் முறையிலேயே திருத்தலாம். வெண்மையிலிருந்து கருமை வரை பத்துப் பத்து சதவீதமாக ஏறும் 11 கட்டங்களை அச்சிட்டு, ஒருநாள் உலரவிட்டு, ஜன்னலோரப் பகலொளியில் பாருங்கள். பச்சை தட்டினால் மெஜந்தாவைச் சிறிது கூட்டுக. செம்மை தட்டினால் சயானையும், நீலம் தட்டினால் மஞ்சளையும் கூட்டுக. ஒவ்வொரு முறையும் சிறிதளவே மாற்றுவது நலம். பகலில் சாம்பலாகத் தோன்றும் படம், இரவில் எல்இடி விளக்கின் கீழ் வேறு சாயல் காட்டுவதும் உண்டு. ஆகவே, படம் தொங்கப்போகும் சுவரருகிலும் ஒருமுறை வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நிற்க. இவ்வளவு பிரயாசை எடுக்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. 2005-ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் அடர்த்தியில் வேறுபட்ட மூன்று கறுப்பு மைகளை ஒருங்கே பயன்படுத்தும் போட்டோ யந்திரங்களை வெளியிட்டது. கலர் மையைச் சொற்பமாகவே நாடுவதால், இத்தகைய யந்திரங்களில் சாயல் வெகுவாகக் குறைகிறது. சாம்பல் மை கொண்ட யந்திரங்களைப் பிற நிறுவனங்களும் விற்கின்றன. கடையில் கொடுத்து அச்சிடுவோர், சாம்பல் மையுள்ள யந்திரமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நன்று.

இன்னொன்றும் கருதத்தக்கது. சாய மைகள் வெளுக்கும்போது மூன்றும் ஒரே அளவில் வெளுப்பதில்லை. இன்று சரியாக இருக்கும் முகம், சில ஆண்டுகளில் மீண்டும் நிறம் மாறலாம். நிறமித் துகள் கொண்ட பிக்மென்ட் மை இதைவிட நெடுநாள் நிலைக்கும். எவ்வாறாயினும் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் இட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பிரதி நன்றாக வந்துவிட்டதென்று ஊரிலுள்ள பழைய படத்தை மட்டும் யாரும் அப்புறப்படுத்திவிட வேண்டாம். நாளை இதைவிடச் சிறந்த பிரதி எடுப்பதற்கும் அதுவே ஆதாரம்.