விற்ற பிறகும் சரக்கில் கை வைக்கலாமா?



புதுக்கோட்டையில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். செல்போனைப் பற்றி எழுத இவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். அதன் உள்ளே இருப்பது எனக்கும் தெரியாது. ஆனால் அது நின்று போனால் கடையில் என்னவெல்லாம் நிற்கும் என்பது தெரியும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

சென்ற கோடையில் ஒரு நாள் காலை, விருதுநகர் தரகர் ஒருவரிடம் துவரம் பருப்பு 40 மூட்டைக்கு விலை பேசி முடித்தேன். மூட்டை 50 கிலோ. "சாயங்காலம் நாலு மணிக்குள்ள பணம் வந்தா இந்த விலை அண்ணாச்சி, தவறினா நாளைக்கு என்ன விலையோ அதுதான்" என்று சொல்லிவிட்டார். நான் வசூலுக்காக அறந்தாங்கி போயிருந்தேன். மணி மூன்றேகால். போனில் 34 சதவீதம் சார்ஜ் காட்டியது. வங்கிச் செயலியைத் திறந்து தொகையைப் போட்டேன். திரை கறுத்துவிட்டது. அமுக்கிப் பார்த்தேன், உயிர் வரவில்லை. அன்றைக்கு என்று பார்த்து அறந்தாங்கியில் பராமரிப்புக்காக மின்தடை. சார்ஜ் போடவும் வழியில்லை.

வாடிக்கையாளர் போனில் மகனைக் கூப்பிட்டேன். அவன் கடையிலிருந்து பணம் அனுப்பலாம் என்றால், ஓ.டி.பி. வர வேண்டியது என் போனுக்கு. தரகரிடம் அவன் பேசிப் பார்த்தான். "பணம் வரட்டும் தம்பி" என்று அவர் முடித்துக் கொண்டார். நான் பஸ் பிடித்துப் புதுக்கோட்டை வந்து சேர்ந்தபோது மணி ஐந்தாகிவிட்டது. மறுநாள் கிலோவுக்கு 2 ரூபாய் ஏற்றம். 2,000 கிலோவுக்கு 4,000 ரூபாய் என் கையை விட்டுப் போனது.

அதற்குப் பத்து நாள் முன்புதான் அந்தப் போனில் 'அப்டேட்' போட்டிருந்தேன். புதிய அப்டேட் வந்திருக்கிறது என்று திரையில் காட்டியது, அமுக்கினேன். அதுவரை காலையில் போட்ட சார்ஜ் கடை அடைக்கும் வரை நின்றது. அதன் பிறகு மத்தியானத்தைத் தாண்டவில்லை.

"மூணு வருஷமாச்சு, புதுசு வாங்கிடுங்கப்பா" என்றான் மகன். 18,000 ரூபாய்க்கு ஒன்று பார்த்தும் வைத்துவிட்டான். வாங்குவதற்கு முன் பழுது பார்க்கும் பையனிடம் காட்டினேன். "ஐயா, போன் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிதான் கிழடாயிருச்சு" என்றான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 1,600 ரூபாயில் பேட்டரி மாற்றினேன். இன்று வரை அதே போன்தான். 1,600 ரூபாயில் முடிகிற வேலைக்கு 18,000 ரூபாய் எடுத்து வைக்க இருந்தோம்.

ஆனாலும் ஒரு கேள்வி மனதில் நின்றது. முந்தின நாள் வரை ஓடிய பேட்டரி, அப்டேட் போட்ட மறுநாள் எப்படிக் கிழடாகும்? விசாரித்துத் தெரிந்து கொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

பேட்டரி ஏன் தளர்கிறது?

நம் போன்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991இல் ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. பக்கத்துக் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்தப் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம் அது. 1953இல் திறக்கப்பட்டது. இந்த பேட்டரியைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை 2018இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு அந்த நிலையம் வழங்கியது.

இந்த பேட்டரி ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் தேய்கிறது. முழுதாக 500 தடவை ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது பல போன்களுக்கு வைத்த கணக்கு. வீட்டுப் போனுக்கு இது போதும். கடைப் போன் காலை முதல் இரவு வரை பணம் வந்த செய்தியும், வாட்ஸ்அப் ஆர்டரும், ரேட் விசாரிக்கிற அழைப்புமாக ஓடுகிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் ஒன்றரை வருடத்துக்குள் 500 முடிந்துவிடும். இதற்கு மேல் வெயில். சூடு இந்த பேட்டரிக்குப் பெரிய பகை. தகரக் கூரைக்குக் கீழே, கல்லாவுக்குப் பக்கத்து வெயிலில், வண்டியின் முன்பக்கத்தில் போனை வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தேய்ந்த பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு. சும்மா இருக்கும்போது 34 சதவீதம் காட்டும். திடீரென்று பெரிய வேலை கொடுத்தால் அந்த வேகத்துக்கு மின்சாரம் தர முடியாமல் மின்னழுத்தம் இறங்கி, போன் அணைந்துவிடும். வயதானவர் நடக்கும்போது நன்றாக இருப்பார், மூட்டை தூக்கச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார். அறந்தாங்கியில் எனக்கு நடந்தது இதுதான்.

அப்டேட் என்ன செய்கிறது?

முதலாவது, அப்டேட் போட்ட சில நாட்களுக்குப் போன் உள்ளே இருக்கிற படங்களையும் செயலிகளையும் புதிதாக அடுக்கி வைக்கிறது. குடோனைக் காலி செய்து மறுபடி அடுக்குகிற வேலை போல. அதுவரை சார்ஜ் சீக்கிரம் இறங்கும், பிறகு சரியாகிவிடும்.

இரண்டாவது, புதிய வசதிகள் புதிய போனை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. பழைய போன் அதே வேலைக்கு அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. நல்ல பேட்டரி அதைத் தாங்கும், தேய்ந்த பேட்டரி தாங்காது. என் போன் விஷயத்தில் பேட்டரி முன்பே தளர்ந்திருந்தது. அப்டேட் அதை வெளியே கொண்டு வந்தது.

மூன்றாவதுதான் நாம் யோசிக்க வேண்டியது. சில போன்களில் கம்பெனியே வேண்டுமென்று அப்டேட் மூலம் போனின் வேகத்தையோ பேட்டரியின் அளவையோ குறைத்திருக்கிறது.

கம்பெனிகள் மாட்டிய கதை

2017 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி ஐ.ஓ.எஸ். 10.2.1 என்ற அப்டேட்டை வெளியிட்டது. ஐபோன் 6, 6எஸ் போன்றவற்றில் பேட்டரி தேய்ந்திருந்தால், போன் அணைந்து போகாமல் இருக்க அதன் வேகத்தை அது குறைத்தது. நோக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வாங்கியவனிடம் தெளிவாகச் சொல்லவில்லை. போன் மந்தமாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர்கள் பலர். போன்களின் வேகத்தை அளப்பவர்கள் அந்த ஆண்டு டிசம்பரில் விஷயத்தை வெளியே கொண்டு வந்த பிறகுதான் கம்பெனி ஒப்புக் கொண்டு மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகவும், இந்தியாவில் 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும் (வரி தனி) குறைத்தது. 2020இல் பிரான்ஸ் அரசு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அதே ஆண்டு அமெரிக்க வழக்கில், தவறை ஒப்புக் கொள்ளாமலேயே, 50 கோடி டாலர் வரை கொடுக்க அந்தக் கம்பெனி சம்மதித்தது.

2018 அக்டோபரில் இத்தாலி அதிகாரிகள் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தார்கள். புதிய போனுக்காகச் செய்த அப்டேட்டைப் பழைய நோட் 4 போன்களில் போடச் சொன்னார்கள் என்பது சாம்சங் மீதான குற்றச்சாட்டு.

2025இல் கூகுள் வேறு விதமாக நடந்தது. ஜனவரியில் பிக்சல் 4ஏ போனிலும், ஜூலையில் பிக்சல் 6ஏ போனிலும் அப்டேட் மூலம் பேட்டரியின் அளவைக் குறைத்தது. 6ஏ போனில் 400 தடவை சார்ஜ் ஏறிய பிறகு இந்தக் குறைப்பு தொடங்கும். அளவுக்கு மீறிச் சூடாகும் ஆபத்தைக் குறைப்பதற்கு என்று காரணத்தையும் சொன்னது. 6ஏ வைத்திருப்பவர்களுக்கு, இந்தியா உட்பட சில நாடுகளில், பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்கியவனுக்கு இல்லை என்பது குறைதான். ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்தது.

நம் நாட்டிலும் ஐ.ஓ.எஸ். 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்கள் சரியாக இயங்கவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் போயின. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக 2025 ஜனவரியில் மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி தெரிவித்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட புகார்தான் அந்த நோட்டீஸாக ஆனது.

நம் தராசும் அவர்கள் சரக்கும்

நம் கடையில் மின்னணுத் தராசு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். தவறினால் அபராதம். முத்திரை போட்ட தராசில் நாமே கை வைத்தால் வழக்கு. இது சரியான சட்டம், நான் குறை சொல்லவில்லை. 50 கிலோ மூட்டை என்று விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் வீட்டு அடுப்படிக்குள் போய் இரண்டு கிலோவை எடுத்து வர நமக்கு உரிமை உண்டா? எடுத்தால் ஊர் நம்மை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்?

சரக்கில் பழுது இருந்தால் கூப்பிட்டுச் சொல்லி, மாற்றிக் கொடுத்துத்தான் நம் முன்னோர்கள் பெயர் வாங்கினார்கள். பெரிய கம்பெனிக்கும் அதே நாணயம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதைச் சட்டமாக்கிவிட்டது. அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போனின் பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதம் பிடிக்க வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு முத்திரை வர வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்க வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை

1. அப்டேட் வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். திருடர்கள் நுழைகிற ஓட்டையை அடைப்பதும் அதே அப்டேட்தான். மிகப் பழைய மென்பொருளில் பணம் அனுப்பும் செயலிகள் நாளடைவில் ஓடாமல் போகும்.

2. வியாபார நாளில் அப்டேட் போடாதீர்கள். கடை விடுமுறைக்கு முந்தின இரவு, சார்ஜரில் போட்டு வைத்துச் செய்யுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் தொடவே வேண்டாம்.

3. போட்ட பிறகு ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். எந்தச் செயலி அதிகம் சாப்பிடுகிறது என்பதை போனின் 'செட்டிங்ஸ்' பகுதியில் பேட்டரி என்ற இடத்தில் பார்க்கலாம்.

4. சரியாகவில்லை என்றால் புதுப் போனுக்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றி, பில் வாங்குங்கள். மலிவான போலி பேட்டரி ஆபத்து.

5. போனின் முதுகு உப்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள்.

6. ஓ.டி.பி. வருகிற எண்ணை ஒரே போனில் நம்பி விடாதீர்கள். வெளியூர் போகும்போது பவர் பேங்க் ஒன்றும், முக்கியமான பத்து எண்கள் எழுதிய துண்டுச் சீட்டும் பையில் இருக்கட்டும்.

7. குறை இருந்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குறை தோன்றிய இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாகச் சொன்னதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் என்ற உரிமை கிடையாது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவர் அதற்காகவே வாங்கிப் பயன்படுத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே சிறு கடைக்காரருக்கு இடம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் பில் போட்டு வாங்கினால், அதை வைத்தே எதிர்த்தரப்பு வாதாடக் கூடும். வாங்கும்போதே யார் பெயரில் பில் என்பதை யோசித்து வாங்குங்கள்.

4,000 ரூபாய் கொடுத்து நான் படித்த பாடம் இது. நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்த நேரத்திலேயே தெரிந்து கொண்டால், என் நஷ்டம் வீண் போகவில்லை என்று எடுத்துக் கொள்வேன்.

வாழ்க வணிகம். ஓங்குக வணிகர் ஒற்றுமை.