வீட்டிற்குள் ஒரு காக்பிட்

நம் சங்கத்திற்குப் புதிதாக வந்துள்ள நண்பர்களில் மூவர் சென்ற மாதம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர். கணினியில் கார்ப் பந்தயமும் விமானமும் ஓட்டுவதற்கு ஸ்டியரிங், பெடல், ஜாய்ஸ்டிக் எல்லாம் வாங்கியாயிற்று. இவற்றை எதன்மேல் பொருத்துவது, எந்தக் காக்பிட் நல்லது என்பதே அது. மூவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இதழில் எழுதிவிடுவது நலமெனத் தோன்றிற்று. பௌதிகம் படிக்கிறவன் என்பதைவிட, இவ்விஷயத்தில் சூடு கண்ட பூனை என்பதே எனக்குள்ள தகுதி.

காக்பிட் என்றவுடன் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். உட்கார ஓர் இருக்கை, ஸ்டியரிங்கைத் தாங்க ஒரு மேடை, பெடல்களைத் தாங்க ஒரு பலகை, இம்மூன்றையும் ஒன்றோடொன்று அசையாமல் பிணைக்கும் சட்டம்; அவ்வளவுதான். இதன் பாட்டனாரை அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ஆம் ஆண்டு செய்து முடித்தார். அவர் தந்தைக்குப் பிங்ஹாம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே எடுத்து, ஒரு சிறு பெட்டியை அவற்றின்மேல் ஏற்றி, விமானம் போல் சாயவும் திரும்பவும் செய்துவிட்டார்! முதலில் பொருட்காட்சிகளில் குழந்தைகள் ஏறி விளையாடும் சாமானாகவே அது விலைபோயிற்று. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமந்து பறந்தபோது, மோசமான வானிலையில் பலர் விழுந்து மாண்டனர். அதன் பிறகே இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகள் பல இலட்சம் பேர் அந்த நீலப் பெட்டிக்குள் அமர்ந்துதான் கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகினர்.

இனி என் கதைக்கு வருகிறேன். உதவித்தொகையில் ஏழு மாதம் மிச்சம் பிடித்து ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கினேன். மேசையில் ஸ்டியரிங்கைத் திருகி, பெடலைத் தரையில் வைத்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தேன். முதல் வளைவில் பிரேக்கை மிதித்ததும் கார் நிற்கவில்லை; நான்தான் பின்னோக்கி உருண்டு கட்டிலில் மோதினேன். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியில் நூறுமுறை எழுதியவனுக்கு அது விளங்க இத்தனை செலவாயிற்று. பிறகு மலிவாக ஒரு மடக்குத் தாங்கி வாங்கினேன். இரண்டே மாதத்தில் அதன் மூட்டுகள் தளர்ந்து ஆடத் தொடங்கின. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

ஆகவே வாங்குமுன் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். லாஜிடெக் ஜி29 போன்ற பல்சக்கர ஸ்டியரிங்குகளின் திருப்புவிசை 2 நியூட்டன்-மீட்டரைச் சற்றே தாண்டும். மோட்டாரின் அச்சிலேயே வளையத்தைப் பூட்டும் நேரடி வகையில் ஃபனாடெக் சி.எஸ்.எல். டி.டி. 5 தரும், பெரிய மின்வழங்கியைச் சேர்த்தால் 8 தரும். 30 செ.மீ. விட்டமுள்ள வளையத்தை இரு கையாலும் பிடித்தால், 8 நியூட்டன்-மீட்டர் என்பது கைக்கு ஏறத்தாழ 27 நியூட்டன். அதாவது இரண்டே முக்கால் கிலோ எடை. இதென்ன பெரிது என்று கேட்பீர்கள். இவ்விசை ஒரு விநாடிக்குள் பலமுறை திசை மாறுகிறதே, அதுதான் சங்கதி. மேசைக்கால் முதலில் முனகும், பிறகு ஆடும்.

பெடலின் கணக்கோ இதைவிடக் கடுமை. மலிவுப் பெடல்கள் கால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளக்கின்றன. நல்லவை எவ்வளவு அழுத்தினோம் என்பதை அளக்கின்றன. கடைத்தெருவில் உள்ள மின்தராசுக்குள் இருக்கும் அதே எடை உணரிதான் அவற்றினுள்ளும் இருக்கிறது. தசை அழுத்தத்தை நினைவில் வைப்பதுபோல் தூரத்தை வைப்பதில்லை. ஆதலால் இவ்வகையே பழகச் சிறந்தது. ஆனால் 60 கிலோ அளவுக்கு அழுத்தினால் அதே 60 கிலோ நம் முதுகை இருக்கையோடு தள்ளும். இருக்கையும் பெடலும் ஒரே சட்டத்தில் இருந்தால் இவ்விரு விசைகளும் அச்சட்டத்திற்குள்ளேயே ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். தனித்தனியே இருந்தால் இரண்டும் விலகி ஓடும். நாற்காலி இல்லாத வெறும் தாங்கியை வாங்குவோர் இதை மறக்கலாகாது. குறைந்தபட்சம் நாற்காலிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தாங்கியோடு பட்டையால் கட்டிவிடுங்கள்.

விமானத்திற்கு வேறு நியாயம். என்னுடன் தங்கியிருக்கும் அண்ணன் திருநெல்வேலிக்காரர், விமானியாகவே ஆசைப்பட்டவர். அவ்வுரிமம் பெறப் பல இலட்சங்கள் வேண்டும், வீட்டில் வழியில்லை. ஆராய்ச்சி மாணவராக இவ்வூருக்கு வந்துவிட்டார். இரவு பதினொரு மணிக்குமேல் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு செஸ்னா 172 புறப்படும்; நம் கணினியில்தான். வீட்டுக் கணினியில் ஓட்டும் நேரம் உரிமத்திற்குக் கணக்காகாது என்பது அவருக்குத் தெரியும். நான் ஒருமுறை கேலியாக ஏதோ சொன்னேன். "தம்பி, நீ எந்தக் கார் ஓட்டினாலும் வளையம் ஒன்றுதான். எனக்கு எந்த விமானம் என்று தெரியாமல் நாற்காலிகூட வாங்க முடியாது," என்றார். அதன் பொருள் எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று.

செஸ்னாவிலும் போயிங்கிலும் நெஞ்சுக்கு நேரே நுகம் போன்ற கைப்பிடி இருக்கும். அதை ஸ்டியரிங் மேடையிலேயே பொருத்தலாம். ஆனால் முன்னும் பின்னும் இழுக்க இடம் வேண்டும், முழங்காலில் இடிக்கக் கூடாது. போர் விமானங்கள் பலவற்றில் கால்களுக்கிடையே தடி நிற்கும். காக்பிட்டின் நடுவில் ஒற்றைத் தூண் நின்றால் அத்தடிக்கு இடமில்லை; இருபுறத் தூண் உள்ளதையே தேடவேண்டும். ஏர்பஸ்ஸிலோ தடி பக்கவாட்டில் இருக்கும். இடது இருக்கைத் தலைமை விமானிக்கு அது இடக்கையில்! வலக்கைக்கென்றே வார்த்த ஜாய்ஸ்டிக்கை வாங்கிவிட்டு விழிப்பவர் உண்டு. இனி, சுக்கான் பெடல்கள். காரில் மூன்றும் தனித்தனி. இங்கு ஒன்று முன்சென்றால் மற்றது பின்வரும், பாத நுனியில் அழுத்தினால் பிரேக். எனவே அவை உடலின் நடுக்கோட்டிற்குச் சரிசமமாக அமையவேண்டும். இரண்டு ஆட்டமும் வேண்டுவோர் பெடல் தொகுதிகளைத் தனித்தனிப் பலகையில் திருகி, பலகையை மாற்றும்படி செய்துகொள்வது உத்தமம். தினமும் எட்டுத் திருகாணி கழற்றுகிறவர் ஒரு மாதத்தில் ஏதாவதொன்றை விட்டுவிடுவார்.

மடக்கு வகையா, நிலையான வகையா? ஒற்றை அறை வாசிகளுக்குப் பிளேசீட் சேலஞ்ச் போன்ற துணி இருக்கை மடக்குச் சட்டம் போதும். இருக்கையும் பெடலும் அதில் ஒன்றாகவே உள்ளன. நேரடி மோட்டார் வாங்கப் போகிறவர்கள் அலுமினியச் சட்டத்திற்குப் போகலாம். 40-க்கு 80 மில்லிமீட்டர் சட்டத்தைப் படுக்கவைப்பதைவிட 80 பக்கத்தை நிமிர்த்தி வைத்தால், கெட்டித் தண்டாயின் வளைவு நான்கில் ஒன்றாகும். உள்ளீடற்றதில் விகிதம் சற்று மாறினாலும் போக்கு அதுவே. ஒன்றை மட்டும் யோசியுங்கள்: இத்தகைய காக்பிட் இருக்கையோடு ஐம்பது கிலோவைத் தொடக்கூடும். பதினொரு மாத ஒப்பந்தத்தில், மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நமக்கு அது சாமானியமன்று.

நாங்கள் சட்டத்தை அளவுக்கு வெட்டி வாங்கினோம். இருக்கையை டில்லி மாயாபுரியில் பழைய வாகனச் சாமான் கடையில் பிடித்தோம். முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தோடு கேட்டு வாங்குங்கள். அண்ணன் என்னைவிட அரையடி உயரம். பக்கவாட்டில் காற்றுப்பை பொதிந்த இருக்கை மட்டும் வேண்டாம்; வெடிக்காத பை அபாயகரமானது.

திரையைச் சட்டத்தில் மாட்டாமல் தனியே நிறுத்துவது நன்று. ஸ்டியரிங் நடுக்கம் கண்ணை வருத்தாது. 60 செ.மீ. அகலத் திரை 60 செ.மீ. தொலைவில் 53 பாகை காட்டும். ஒரு மீட்டருக்குத் தள்ளினால் 33-தான். இவ்வூர்க் குளிர்காலத்தின் வறட்சியில் நைலான் உறை இருக்கையில் அமர்ந்து எழும்போது நிலைமின்சாரம் பாய்ந்து பெடல் இணைப்பு அறுந்துபோவதுண்டு. சட்டத்திலிருந்து ஒரு கம்பியைக் கணினிப் பெட்டியின் உலோகத்தோடு இணைத்தோம். அந்தக் கணினி மண்ணிணைப்புள்ள முள்ளில் இருக்கவேண்டும். பெடலின் கீழே கனமான ரப்பர் விரிப்பும் போட்டோம். கீழ்வீட்டு அம்மாள் இருமுறை படியேறி வந்த பிறகு செய்த ஏற்பாடு இது.

அண்ணன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வரும் மே மாதம் ஊருக்குப் போகிறார். கைப்பிடியும் சுக்கான் பெடலும் அவருடன் போகும். சட்டமும் இருக்கையும் இங்கேயே இருக்கும். அதற்குள் உட்கார்ந்து பார்க்க விரும்புவோர் ஞாயிறு பிற்பகல் எங்கள் அறைக்கு வரலாம். நான்கு மணிக்குமேல் வேண்டாம்; அது கீழ்வீட்டு அம்மாள் தூங்கி எழும் நேரம். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.