மனைக்கேற்ற மின்கலவடுக்கு

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர். மின்னொளியின் அருமையை யாழ்ப்பாணத்தார் 1990 ஆம் ஆண்டின் பின்னரே நன்கு உணர்ந்தனர். போர் மீண்டும் மூண்ட அவ்வாண்டிற் குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. டோர்ச் விளக்கிற்குரிய மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பண்டங்களாயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் அமைத்த சிக்கன விளக்கின் ஒளியிற் பாடங் கற்றோம். இன்று தேசிய மின்வலையமைப்பு எம்மை வந்தடைந்துள்ளது. எனினும், 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. ஆதலின், சிறிதளவு மின்னை மனையிலே சேமித்து வைத்தல் அறிவுடைமையாம். அதற்கு, வழக்கிற் பற்றறி எனப்படும் மின்கலவடுக்குகளுள் எதனைத் தேர்வது?

யான் விஞ்ஞான ஆசிரியன் அல்லேன். 2022 இல் வாகனப் பற்றறியொன்றை வாங்கி வீட்டு விளக்குகளுக்கு இணைத்தேன். சில மாதங்களில் அது பயனற்றதாயிற்று. குற்றம் பற்றறியினது அன்று, என் தேர்வினதே. இயந்திரத்தை முடுக்குதற்குச் சில விநாடிகள் மிகுந்த மின்னோட்டம் தருதலே வாகனப் பற்றறியின் தொழில். அதன்பொருட்டு அதன் ஈயத் தகடுகள் மெல்லியனவாயும் பலவாயும் அமைக்கப்படுகின்றன. மணிக்கணக்கில் மின்னை எடுப்பின் அத்தகடுகளிலுள்ள பொருள் உதிர்ந்து கெடும். வீட்டிற்கு வேண்டுவதோ, தடித்த தகடுகளைக் கொண்டு நெடுநேரம் சீராக மின் தருவதாகும். கடைகளில் இதனை இன்வேட்டர் பற்றறி என்பர்.

அடுத்து, அதன் அளவு. 9 உவாற்று விளக்குகள் நான்கு, 50 உவாற்று மின்விசிறி ஒன்று, இணையக் கருவிக்கு 10 உவாற்று எனக் கொள்வோம். மொத்தம் 96 உவாற்று. 5 மணி நேரத்திற்கு 480 உவாற்று-மணி. இதனை 12 வோற்றால் வகுக்க 40 அம்பியர்-மணி வரும். இன்வேட்டரில் நேரும் இழப்பையுஞ் சேர்ப்பின் ஏறக்குறைய 48. ஈய அமிலப் பற்றறியிற் பாதியளவே எடுத்தல் அதன் ஆயுளுக்கு நன்று. ஆகவே 100 அம்பியர்-மணி கொண்டது தகும். லிதியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றறியில் ஐந்தில் நான்கு பங்கினை எடுக்கலாமாதலின் 60 போதும். அது விலை மிக்கது. ஆயினும் நீண்டகாலம் உழைப்பது, நீர் ஊற்ற வேண்டாதது. அதற்கேற்ற மின்னேற்றி மட்டும் இன்றியமையாதது.

பேணும் முறையும் அறிதல் வேண்டும். நீர் ஊற்றும் ஈயப் பற்றறிக்குக் காய்ச்சி வடித்த நீரே உரியது. எமது சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரிற் கரைந்துள்ள உப்புகள் அதனைக் கெடுத்துவிடும். மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிப்படுவதால், அதனைக் காற்றோட்டமுள்ள இடத்தில், விளக்கேற்றும் சாமியறைக்குப் புறம்பாக வைத்தல் வேண்டும். மிகு வெப்பமும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

வாங்குமுன் தேவையைத் தாளில் எழுதிக் கணக்கிடுக. விலையைப் பின்னர் வினவுக. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசை விளக்கு அக்கணக்கில் முதலாவதாக இடம்பெறுவதாக. சிக்கன விளக்கிற் கற்ற தலைமுறையினராகிய எமக்கு அதன் காரணத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.