பல் பிடுங்கப் பயமா? இருக்கிறது சிரிப்பு வாயு!

கறம்பக்குடி:
பல் வலி வந்தால் முதலில் கிராம்பு. அப்புறம் உப்புத் தண்ணீர். கன்னம் வீங்கிய பிறகுதான் புதுக்கோட்டை பஸ்!

அங்கே அரசு பல் மருத்துவக் கல்லூரியே 2023-ல் திறந்தாச்சு. ஆனாலும் ஊசியைக் கண்டதும் எழுந்து ஓடுகிறவர்கள் உண்டு.

இவர்களுக்காகத்தான் சிரிப்பு வாயு. நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு கலந்து மூக்கு வழியாகக் கொடுப்பார்கள். ஆள் மயங்குவதில்லை. "வாயைத் திறங்க" என்றால் திறப்பார். பயம்தான் அடங்கும். மரத்துப்போகும் ஊசி அதற்குப் பிறகு. வேலை முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன், தெளிந்துவிடும்.

1844-லேயே அமெரிக்க பல் டாக்டர் ஹொரேஸ் வெல்ஸ் இந்த வாயுவை இழுத்துவிட்டு, தன் பல்லையே பிடுங்கச் சொன்னார்!

மூக்கடைப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லா இடத்திலும் இந்தக் கருவி கிடையாது. கேட்டுக்கொண்டு போவது நல்லது. மாத்திரையோ ஊசியோ போட்டு அமைதிப்படுத்தினால் துணைக்கு ஆள் கட்டாயம். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது.